நேர்முகப் பரீட்சையும் எமது மனனப் பழக்கமும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மில்லிக்கனில் ஸ்டீல்ஸ் வீதிக்குச் சற்றுத் தெற்கே, நீண்டகாலமாக எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தினரின் வீட்டு நிலக்கீழ் அறையில் அமர்ந்திருந்தேன். மூத்த மகனுக்குத் திருமணம் முடிந்து ஒன்றரை வருடமாகின்றது. மருமகள் வவுனியாவில் இருக்கின்றாள். ஸ்பொன்சர் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு இப்பொழுது நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு வந்திருக்கின்றது. மேசையின்மேல் தட்டச்சுச் செய்யப்பட்ட 11 தாள்கள் கிடந்தன. 72 வினாக்கள், ஒவ்வொரு வினாவின் கீழும் ஒரு விடை. யாரோ ஓர் ஆலோசகர் பணம் பெற்றுக்கொண்டு எழுதிக் கொடுத்ததாம். மகன் அத்தாள்களைப் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பியிருந்தான். தகப்பனார் வினாவை வாசிக்க, வவுனியாவிலிருந்து அந்தப் பிள்ளை தொலைபேசியில் விடையை ஒப்புவித்துக்கொண்டிருந்தாள்.

"என்னுடைய கணவர் அன்பானவர், பொறுப்பானவர், எதிர்காலத்தைப் பற்றிச் சிந்திப்பவர்."

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஒரு சொல்லும் மாறாமல் அதே விடை வந்தது. தாயார் என்னைப் பெருமையுடன் பார்த்தார். "பிள்ளை நல்லாப் பாடமாக்கிப்போட்டாள், என்ன மாஸ்டர்?" என்றார்.

எனக்கு நெஞ்சு பதறியது. அதற்கான காரணத்தைப் பின்னர் கூறுகின்றேன்.

நேர்முகப் பரீட்சை என்ற சொல்லே எம்மை ஏமாற்றுகின்றது என்பது எனது எண்ணம். தமிழ்நாட்டவர் அதனை நேர்முகத் தேர்வு என்பர். அதிலும் பரீட்சை மண்டபத்தின் மணமே வீசுகின்றது. பரீட்சை என்றவுடன் எம்மவர்க்கு என்ன செய்யவேண்டும் என்பது தெரியும். ஐந்தாம் தரத்துப் புலமைப்பரிசிலிலிருந்து உயர்தரம் வரையில் நாம் பழகியது அதுதானே. கடந்தகால வினாத்தாள்களைத் தேடிப் பிடிப்பது, வரக்கூடிய வினாக்களை ஊகிப்பது, மாதிரி விடையைப் பாடமாக்குவது, மண்டபத்தில் அதனைக் கொட்டுவது. வரலாறு கற்பித்த காலத்தில் நானே அவ்வாறுதான் பிள்ளைகளைப் பழக்கினேன். சங்கிலியனைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த ஒரு பந்தியை ஒரே வகுப்பிலிருந்து 31 பிள்ளைகள் எழுத்துப் பிசகாமல் எழுதினார்கள், பெரும்பாலானோர் சித்தியடைந்தார்கள். விடைத்தாள் திருத்துபவர் அந்த விடை அப்பிள்ளையின் உள்ளத்திலிருந்து வந்ததா, மாஸ்டரின் குறிப்பிலிருந்து வந்ததா என்று ஒருபோதும் கேட்பதில்லை. விசா அதிகாரியோ அது ஒன்றைத்தான் கேட்கின்றார்.

இனி எனது கதைக்கு வருகின்றேன். ஒன்பது வருடங்களுக்கு முன்னர் எனது பெறாமகள் ஒருத்தியை அவளது கணவர் இங்கிருந்து ஸ்பொன்சர் செய்திருந்தார். நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தபொழுது, குடும்பத்தில் படித்தவன், ஆசிரியனாக இருந்தவன் என்ற முறையில் அவளைத் தயார்செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் பணம் வாங்கவில்லை என்பதைத் தவிர, நான் செய்ததற்கும் அந்த ஆலோசகர் செய்ததற்கும் வேறுபாடில்லை. விண்ணப்பப் படிவத்தின் பிரதியை வைத்துக்கொண்டு 40 வினாக்களும் விடைகளும் எழுதினேன். கணவர் உணவகம் ஒன்றில் வேலை செய்கின்றார், காலை 7 மணிக்கு எழுந்து இடியப்பம் உண்டு வேலைக்குச் செல்கின்றார் என்றெல்லாம் அதில் இருந்தது. நான் எழுதிய நாளில் அவை உண்மைதான்.

ஆனால் நேர்முகப் பரீட்சைக்கு ஐந்து வாரங்களுக்கு முன்னர் அந்த உணவகம் மூடப்பட்டுவிட்டது. அவர் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலைக்குச் சேர்ந்தார். புதிய வேலைக்கான கடிதத்தையும் முறைப்படி அனுப்பி வைத்தார். பெறாமகளுக்கு இது தெரியாததன்று. ஒவ்வொரு நாளும் அவர் வேலை முடிந்து பேருந்திற் திரும்பும் வேளையில் இருவரும் கதைத்துக்கொள்வார்கள். கால் வலிக்கின்றது என்று அவர் சொன்னதும், புதிய சப்பாத்து வாங்குமாறு இவள் வற்புறுத்தியதும்கூட உண்டு. அப்படியிருந்தும், அதிகாரியின் முன்னால் அமர்ந்து, கணவரின் ஒரு நாள் எவ்வாறு கழிகின்றது என்ற வினா வந்தவுடன், அவள் வாயிலிருந்து வந்தது எனது தாளில் இருந்த விடை. காலை 7 மணி. இடியப்பம். உணவகம். தனது கணவரைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு, பெரியப்பா எழுதித் தந்ததைச் சொன்னாள். சரியான விடை அதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று அவள் நம்பியிருந்தாள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. விடைகள் ஒத்திகை பார்க்கப்பட்டவையாகத் தோன்றுகின்றன, கணவரின் அன்றாட வாழ்வு பற்றிய அறிவு இல்லை, ஆகவே இத்திருமணம் உண்மையானது என்பதில் திருப்தியில்லை என்று கடிதம் வந்தது. எந்த அலுவலகம் என்பது இங்கு தேவையில்லை. அந்த அதிகாரி கண்டதை எழுதினார். மேன்முறையீடு செய்து, அவள் தொலைபேசி வழியாகச் சாட்சியம் அளித்து, வெற்றி கிடைக்கும்வரை ஏறக்குறைய இரண்டு வருடங்கள் கழிந்தன. பின்னர் விசா கைக்கு வர மேலும் சில மாதங்கள். இன்று அவர்கள் இரண்டு பிள்ளைகளுடன் நலமாக இருக்கின்றார்கள். என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. சொல்லாததுதான் எனக்குச் சுமையாக இருக்கின்றது.

விசா அதிகாரி எதனைத் தேடுகின்றார் என்பதை எம்மவருள் பலர் அறிந்துகொள்ள முயல்வதில்லை. குடிவரவு ஒழுங்குவிதிகளின் நான்காம் பிரிவு இரண்டு விடயங்களைக் கூறுகின்றது. ஒன்று, திருமணம் உண்மையானதாக இருத்தல் வேண்டும். மற்றையது, அது குடிவரவு நன்மையை முதன்மை நோக்கமாகக் கொண்டு செய்யப்பட்டதாக இருத்தல் கூடாது. முன்னர் இவ்விரண்டு குறைகளும் ஒன்றாகக் காணப்பட்டால்தான் நிராகரிக்க முடியும் என்றிருந்தது. 2010 செப்டெம்பரிற் செய்யப்பட்ட மாற்றத்தின்பின் ஏதேனும் ஒன்று போதுமானது. "அத்துடன்" என்ற சொல் "அல்லது" ஆயிற்று, அவ்வளவுதான். அந்த ஒரு சொல் எத்தனை வீடுகளைப் பாதித்தது என்பதை இப்பகுதியில் உள்ளவர்கள் அறிவர்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1990களில் கணவனோ மனைவியோ பெரும்பாலும் நேரில் அழைக்கப்பட்டே தீர்மானம் எடுக்கப்பட்டது. இன்று பெரும்பாலான விண்ணப்பங்கள் கடதாசியிலேயே முடிவு காண்கின்றன. அழைப்பு வருகின்றதென்றால், அநேகமாகக் கோப்பில் ஏதோவொன்று அதிகாரியின் கண்ணை உறுத்தியிருக்கின்றது என்று கொள்ளலாம். ஆகவே முதலிற் செய்யவேண்டியது யாரோ விற்கும் வினாவிடையை வாங்குவதன்று. நாமே அனுப்பிய கோப்பைத் திறந்து, ஓர் அந்நியனின் கண்ணோடு ஆரம்பம் முதல் வாசிப்பது. ஐ.எம்.எம். 5532 என்ற படிவத்தில் எப்பொழுது முதலிற் சந்தித்தீர்கள், யார் அறிமுகம் செய்தார்கள், திருமணத்துக்கு யார் வந்தார்கள், முன்னர் திருமணம் செய்தவரா என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். அதனைப் பல வீடுகளில் மைத்துனனோ, பல்கலைக்கழகம் செல்லும் தங்கையோ ஓர் இரவில் அவசரமாக நிரப்பியிருப்பார்கள். கையெழுத்திட்டவருக்கு அதில் என்ன இருக்கின்றதென்றே தெரியாது. அங்கே இருப்பவளுக்கு அதன் பிரதிகூட அனுப்பப்பட்டிருக்காது. முதலாவது நேர்முகம் அந்தப் படிவத்திலேயே நடந்து முடிந்துவிட்டது.

படிவத்துக்கும் முந்திய ஒரு கோப்பு உண்டு. இது பற்றி வெளிப்படையாக எழுத எம்மிடையே தயக்கம் இருக்கின்றது, எனக்கும் இருக்கின்றது. ஆயினும் எழுதியே ஆகவேண்டும். எம்மிற் பலர் அகதிக் கோரிக்கை மூலம் இந்நாட்டிற் குடியமர்ந்தவர்கள். 2012 டிசம்பர் வரையில் தனிநபர் விபரப் படிவம் என்றிருந்தது. அதன்பின் கோரிக்கையின் அடிப்படைப் படிவம் என்றாயிற்று. அவற்றில் பெற்றோர், சகோதரர், கணவன் மனைவி, பிள்ளைகள், வசித்த இடங்கள், படித்த ஆண்டுகள் யாவும் எழுதப்பட்டுள்ளன. அழைத்து வந்தவர் சொல்லிக் கொடுத்தபடி சிலர் வயதைக் குறைத்தார்கள். சிலர் தங்கையை மகள் என்றார்கள். சிலர் பதிவு செய்யப்படாத முதல் திருமணத்தை மறைத்தார்கள். அன்றைய நிலையில் அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் 10 வருடங்களின்பின் அதே கைகள் ஸ்பொன்சர் படிவத்தை நிரப்பும்பொழுது வேறொரு குடும்பம் அங்கே தோன்றுகின்றது. அரசாங்கத்தின் கோப்புகள் எங்களைப்போல மறப்பதில்லை.

எம்மவரின் முதற் பெரிய வருகையிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1986 ஆகஸ்டில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். தாங்கள் இந்தியாவிலிருந்து நேரே வந்ததாக அவர்கள் கூறினார்கள். சில நாள்களிலேயே, மேற்கு ஜேர்மனியிற் கப்பல் ஏறியவர்கள் என்பது வெளிப்பட்டது. மல்ரோனி அரசாங்கம் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. அமைச்சரின் அனுமதிப்பத்திரம் வழங்கி இருக்கவிட்டது. ஆனால் முதல் நாளிற் கண்ணீர் வடித்த செய்தித்தாள்களின் குரல் மறுவாரம் மாறிவிட்டது. இலங்கையில் அவர்கள் எதிலிருந்து தப்பி ஓடினார்கள் என்ற பெரிய உண்மை, எங்கே கப்பல் ஏறினார்கள் என்ற சிறிய பொய்க்குள் அகப்பட்டுக்கொண்டது. ஜேர்மனி என்று முதலிலேயே சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் பல தடவை எண்ணியதுண்டு.

2002 ஜூனில் நடைமுறைக்கு வந்த குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, கேட்கப்படும் வினாக்களுக்கு உண்மையாகப் பதிலளிக்கவேண்டும் என்று விதிக்கின்றது. 40ஆம் பிரிவு பொய்த்தகவலுக்கான தண்டனையைக் கூறுகின்றது. முன்னர் இரண்டு வருடத் தடை. 2014 நவம்பர் முதல் அது ஐந்து வருடங்கள். நிரந்தரவதிவிடம் பெற்றபொழுது அறிவிக்கப்படாமல் விடப்பட்ட பிள்ளையை அல்லது துணையைப் பின்னர் குடும்ப உறுப்பினராக அழைக்க முடியாமற் செய்யும் விதியும் உண்டு. அதற்கு 2019 முதல் ஓரளவு தளர்வு தரப்பட்டிருந்தாலும் அதன் எல்லைகளைச் சட்டத்தரணியிடம்தான் கேட்டறிய வேண்டும். பழைய கோப்பிற் பிழை இருக்குமாயின் அங்குள்ள பெண்பிள்ளையை அப்பிழையோடு ஒத்துப்போகும்படி பழக்காதீர்கள். நேர்முகத்துக்கு முன்னரே நல்ல ஒரு குடிவரவுச் சட்டத்தரணியைக் கண்டு, முழுவதையும் சொல்லி, எவ்வாறு திருத்துவது என்று கேளுங்கள். திருத்துவதிலும் ஆபத்து உண்டு. அதனால்தான் சட்டத்தரணி என்கின்றேன், அயல்வீட்டு அண்ணை என்று சொல்லவில்லை.

கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை கூறுவதற்குச் சட்டப்படி யாருக்கு உரிமை உண்டென்பதையும் அறிந்திருங்கள். சட்டத்தரணிகள், ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற சட்டத்துணைவர்கள், குடிவரவு, குடியுரிமை ஆலோசகர் கல்லூரியின் உரிமம் பெற்றவர்கள். அந்தக் கல்லூரி 2021 நவம்பர் முதல் இயங்குகின்றது. பெயரைக் கொடுத்தால் உரிமம் உண்டா இல்லையா என்பதை எவரும் அதன் பதிவேட்டிற் பார்த்துக்கொள்ளலாம். எமது தமிழ்ப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களும் இவ்விடயத்திற் கண்ணை மூடிக்கொள்கின்றன. ஆசிரியர் என்னை மன்னிப்பாராக.

பொய்யே இல்லாத இடத்திலும் பொய்போலத் தோன்றுவது உண்டு. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். பெரியம்மாவின் மகனை நாம் அண்ணா என்போம். "உனக்கு எத்தனை சகோதரர்கள்?" என்று கேட்டால், சேர்ந்து வளர்ந்த ஒன்றுவிட்ட அண்ணாவையும் சேர்த்து மூவர் என்பாள் ஒருத்தி, படிவத்தில் இருவர் என்றிருக்கும். சித்தப்பாவைச் சின்னையா என்றும் அப்பா என்றும் அழைத்து வளர்ந்த பிள்ளைகள் உண்டு. கணவரின் பெயரைச் சொல்லாமல் "இவர்" என்றே சொல்லிப் பழகியவளிடம், நேரே பெயரைக் கேட்டால் தடுமாறுவாள். பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயர் வரும் எமது வழக்கத்தில், அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே கடைசிப் பெயர், மனைவிக்கு வேறு கடைசிப் பெயர். ஒரே பெயருக்கு ஆங்கிலத்தில் மூன்று எழுத்துக்கூட்டல்கள். பெரியவர்களின் கண்ணை நேரே நோக்காதிருப்பது எமக்கு மரியாதை. அந்த மேசைக்கு அப்பால் இருப்பவருக்கு அது மறைப்பு.

உரைபெயர்ப்பாளர் தமிழ்நாட்டவராக இருந்தால் வேறொரு சிக்கல் தோன்றும். "எழுத்து முடிஞ்சு எட்டு மாதத்தால கலியாணம் நடந்தது" என்று எங்கள் பிள்ளை சொல்வாள். எழுத்து என்பது திருமணப் பதிவு என்பதை அறியாதவர் அதனை என்னவென்று பெயர்ப்பார்? பதிவுத் திகதியும் தாலிகட்டிய திகதியும் வேறு வேறு என்பதையே பல அதிகாரிகள் முரண்பாடாகக் கண்டிருக்கின்றார்கள். "ஓம்" என்பது ஆம் என்பதன் யாழ்ப்பாண வடிவம் என்பது தெரியாமல், பிள்ளை பிரார்த்தனை செய்கின்றாளோ என்று ஒருவர் நினைத்ததாக ஒரு கதை உலவுகின்றது. அது கட்டுக்கதையாகவும் இருக்கலாம். கேட்டுச் சிரித்தவர்களுக்குள் நிராகரிப்புக் கடிதம் பெற்றவர்களும் இருந்தார்கள்.

ஆகவே அங்குள்ளவர்களுக்குச் சொல்லவேண்டிய காரியங்கள் இவைதான். கேள்வி விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லலாம். மீண்டும் கேட்கச் சொல்லலாம். உரைபெயர்ப்பாளரின் தமிழ் புரியாவிட்டால் அதனை அப்பொழுதே சொல்லவேண்டும். வீட்டுக்கு வந்து சொல்வதற்குப் பெறுமதி குறைவு. உறவைச் சொல்லும்பொழுது, எந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்தவர் என்று விரித்துச் சொல்லவேண்டும். ஞாபகம் இல்லாததை ஞாபகம் இல்லை என்று சொல்லலாம். ஊகித்துச் சொல்லும் விடைதான் பின்னர் முரண்பாடாக வந்து நிற்கும். வெளியே வந்தவுடன், அன்றைக்கே, கேட்டவற்றையும் சொன்னவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிவைக்கவேண்டும். மேன்முறையீடு என்று ஒன்று வந்தால் அந்தக் கொப்பியின் பெறுமதி தெரியும்.

இங்குள்ள குடும்பத்தவர் மறைக்க விரும்பும் விடயங்களும் சில உள்ளன. சீதனம் அவற்றுள் முதலாவது. கேட்டால் இல்லையென்று சொல் என்று பிள்ளைக்குக் கற்பிக்கின்றார்கள். வங்கியில் மாப்பிள்ளையின் தகப்பனார் பெயரில் வைப்புச் செய்த பற்றுச்சீட்டு கோப்பிலேயே இருக்கும். சீதனம் கொடுப்பதும் வாங்குவதும் பற்றி எனக்குள்ள அபிப்பிராயத்தை வேறொரு வாரம் எழுதுகின்றேன். ஆனால் யாழ்ப்பாணத்தவரின் தேசவழமைச் சட்டம் சீதனத்தைப் பெண்ணின் சொத்தாக ஏற்றுக்கொண்டு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. கொடுத்திருந்தால் கொடுத்தோம் என்று சொல்வதால் ஒரு திருமணம் பொய்யாகிவிடாது. சாதகம் பார்த்து, தரகர் மூலம் பேசி, இருதடவை காணொளியிற் கண்டு சம்மதித்த திருமணத்துக்குக் காதற்கதை புனைந்து கொடுப்பவர்களும் இருக்கின்றார்கள். பேச்சுத் திருமணம் எமது வழக்கம் என்பது அந்த அதிகாரிகளுக்குத் தெரியாததன்று. பூங்காவிற் சந்தித்ததாகச் சொல்லும்பொழுதுதான் எந்தப் பூங்கா, என்ன மாதம், மழையா வெயிலா என்ற வினாக்கள் பிறக்கின்றன.

திருமணத்துக்கு ஏன் 18 பேர் மாத்திரம் வந்தார்கள், ஏன் திருச்சியில் நடந்தது, மாப்பிள்ளையின் பெற்றோர் ஏன் இல்லை என்று கேட்பார்கள். இதற்குப் பொய்க்காரணம் தேடவேண்டிய தேவை என்ன? அகதிப் பாதுகாப்புப் பெற்று இன்னும் குடியுரிமை பெறாத ஒருவர் இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு இலங்கைக்குச் சென்றால், பாதுகாப்பு முடிவுற்றதாகத் தீர்ப்பாகலாம். 2012 டிசம்பர் முதல் அவ்வாறான தீர்ப்போடு நிரந்தரவதிவிடமும் பறிபோகின்றது. அதனாற்றான் எமது பிள்ளைகள் இருவரும் பிறவாத ஓர் ஊரில் மண்டபம் எடுத்து, வாடகை மேளத்துடன், படம் எடுப்பவரையும் சேர்த்து எண்ணினால் 20 பேர் நிற்கத் தாலி கட்டுகின்றார்கள். பயணச்சீட்டின் விலையையும், தாயாரின் முழங்கால் நோவையும், விசா மறுக்கப்பட்ட தம்பியையும் உள்ளபடியே சொன்னால் அதுவே ஒரு குடும்பத்தின் கதை.

இவ்வளவும் சொன்னபின்னர், அதிகாரிகள் தவறே செய்யாதவர்கள் என்று எவரும் எண்ணவேண்டாம். ஒரு மனிதரின் வாழ்க்கையை ஒரு மணித்தியாலத்தில் எடைபோடுவதில் அநியாயம் நிகழ்ந்தே தீரும். நிராகரிப்புக்கு எதிராக, காரணக் கடிதம் கிடைத்து 30 நாள்களுக்குள், ஸ்பொன்சர் செய்தவர் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே புதிய சான்றுகளையும் முன்வைக்கலாம்; வழக்கு மீண்டும் ஆரம்பத்திலிருந்து கேட்கப்படும். அதிகாரி எழுதிய குறிப்புகளைத் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் 5 டொலர் கட்டிப் பெற்றுக்கொள்ளலாம். வெளிநாட்டில் உள்ளவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பெறாமகளின் குறிப்புகளை அவ்வாறுதான் பெற்று வாசித்தேன். எனது சொந்த வசனங்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு அங்கே கிடந்தன.

நேரிலே கேட்கப்படுதல் என்பதும் இலகுவிற் கிடைத்த ஒன்றன்று. 1985 ஏப்ரல் 4ஆம் திகதி கனடிய உச்சநீதிமன்றம் சிங் வழக்கிலே தீர்ப்பளிக்கும்வரை, அகதிக் கோரிக்கையாளர் ஒருவர் தன்னைப் பற்றித் தீர்மானிப்பவரின் முகத்தைக் காணாமலே நிராகரிக்கப்படலாம் என்ற நிலை இருந்தது. ஒருவரது நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும்பொழுது அவரை நேரிற் கேளாமல் தீர்மானித்தல் நீதியாகாது என்று அந்தத் தீர்ப்புக் கூறிற்று. எம்மிற் பல்லாயிரவர் வாய்திறந்து பேசி இந்நாட்டில் இருக்க வழிசெய்தது அதுவே. வெளிநாட்டில் விசாவுக்கு விண்ணப்பிப்பவருக்கு அதே உரிமை இல்லை. அந்த அறைக்குள் அழைக்கப்படுபவள், கடதாசியிலேயே மறுக்கப்படாமல், பேசுவதற்கு ஓர் இடம் பெற்றவள்.

பேசுவதற்கு இடம் கிடைத்தாலும் அவளாற் பேச முடியுமா? மில்லிக்கனில் இருந்துகொண்டு நாம் மறந்துவிடும் ஒன்று இது. வவுனியாவில் இருந்த அந்தப் பிள்ளை 2009இல் முள்ளிவாய்க்காலில் இருந்து வந்து, மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள் பத்து வயதில் இருந்தவள். அவள் அறிந்த விசாரணை வேறு. சீருடை அணிந்தவர் கேட்கும்பொழுது குறைவாகச் சொல்லவேண்டும், கேட்டதற்கு மேல் ஒன்றும் சொல்லக்கூடாது, முன்னால் நின்ற அம்மா என்ன சொன்னாரோ அதனையே சொல்லவேண்டும். ஒரு சொல் மாறினால் அண்ணனைத் தனியே கூட்டிச் செல்வார்கள். அங்கே ஒரே விடையை எல்லோரும் சொன்னதுதான் உயிரைக் காத்தது. அவ்வாறு கற்றுக்கொண்டவளிடம் 72 விடைகளைக் கொடுத்தால் அவள் ஏன் பாடமாக்கமாட்டாள்? அதிகாரி அவளிடம் எதிர்பார்ப்பது கேளாத சிறு விடயங்களும் தானாக வந்து விழுகின்ற பேச்சு. அவள் வாழ்க்கை முழுவதும் அடக்கப் பழகியது அதே பேச்சைத்தான்.

அன்று மாலை நான் தாள்களை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். தகப்பனாருக்கு அது பிடிக்கவில்லை. தொலைபேசியை வாங்கி, "பிள்ளை, கலியாணத்தன்று நடந்ததை எனக்குச் சொல்லம்மா, நான் வரேல்லைத்தானே" என்றேன். நெடுநேரம் சத்தமில்லை. பிறகு, "எதைச் சொல்ல வேணும் சேர்?" என்றாள். எதையும் சொல்லலாம் என்றேன். மேளகாரர் பிந்தி வந்ததில் ஆரம்பித்தாள். கூறைச்சேலைக்குத் தைத்த சட்டை இறுக்கமாக இருந்ததால் சாப்பிடாமலே இருந்தது, மின்சாரம் நின்று மண்டபத்தில் எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தது, தாலி கட்டும்பொழுது இவருடைய கை நடுங்கியது, தனது அம்மம்மா வவுனியாவிலிருந்து காணொளியில் பார்த்துக்கொண்டிருந்து இடையில் நித்திரையானது. மகன் இடையிற் புகுந்து, கை நடுங்கவில்லை என்றான். நடுங்கியது என்றாள் அவள். இல்லை என்றான். இருவரும் சிரித்தார்கள்.

"பார்த்தீங்களே மாஸ்டர், ரெண்டு பேரும் ரெண்டு விதமாச் சொல்லுதுகள்!" என்று தகப்பனார் தலையிற் கைவைத்தார்.

அதை அப்படியே விடும்படி சொல்லிவிட்டு வந்தேன். நேர்முகம் அடுத்த மாத நடுப்பகுதியில் இருக்கின்றது. விண்ணப்பப் படிவத்தின் பிரதியை அவளுக்கு அனுப்பிவிட்டார்கள். பழைய அகதிக் கோப்பைத் தேடி எடுத்துக்கொண்டு மகன் வியாழக்கிழமை ஒரு சட்டத்தரணியைச் சந்திக்கின்றான். அந்த 11 தாள்களும் இப்பொழுது என்னிடம் உள்ளன. பின்பக்கம் வெறுமையாக இருந்தமையால் இக்கட்டுரையின் முதற்பிரதியை அவற்றிலேதான் எழுதினேன்.